கோபத்துக்கு ஒரு சர்டிபிகேட்

2007 ஜனவரியில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் மாடல் நவோமி கேம்ப்பெல் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முந்தின வருஷம் வீட்டுப் பணிப்பெண் மீது செல்போனை விட்டெறிந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தலையில் காயம். தண்டனை: மருத்துவச் செலவு 363 டாலர், நகரத் துப்புரவுத் துறையில் 5 நாள் வேலை, 2 நாள் ஆங்கர் மேனேஜ்மெண்ட் வகுப்பு. அந்த 5 நாளும் அவர் என்ன உடுப்பில் வந்தார் என்று பத்திரிகைகள் விழுந்து விழுந்து எழுதின. எனக்கு அந்த மூன்றாவது ஐட்டம்தான் கண்ணில் நின்றது. அதென்ன 2 நாள்?

2014-ல் பாடகர் ஜஸ்டின் பீபர் பக்கத்து வீட்டின் மேல் முட்டை அடித்த வழக்கில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் 12 வாரம் வகுப்புக்குப் போகச் சொன்னது, வாரம் ஒன்று. அடுத்த மாசமே மியாமியில் வேறொரு வழக்கு. அங்கே 12 மணி நேரம். ஒரே ஆள், ஒரே வருஷம், யூனிட் மட்டும் வேறே. நான் சாஃப்ட்வேர்க்காரன், யூனிட் மாறினால் எனக்குத் தூக்கம் வராது. 2010-ல் நடிகர் சார்லி ஷீனுக்குக் கொலராடோவில் கிடைத்தது 36 மணி. (அவர் 2012-ல் 'ஆங்கர் மேனேஜ்மெண்ட்' என்ற பெயரிலேயே ஒரு டிவி தொடரில் கோபத்துக்கு சிகிச்சை தரும் ஆலோசகராக நடித்தார். 100 எபிசோடு ஓடியது. அமெரிக்காவில் எதுவும் வீணாவதில்லை.)

கோபத்தை மணிக்கணக்கில் அளந்து, முடித்தவருக்கு சர்டிபிகேட் கொடுக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சில மாசமாக ராத்திரிகளில் தோண்டிக்கொண்டிருந்தேன். போகப் போக இது ஒரு கதையில்லை, இரண்டு கதை என்று புரிந்தது. ஒன்று மனோதத்துவ ஆய்விலிருந்து வருகிறது. இன்னொன்று கோர்ட் வராந்தாவிலிருந்து. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சிக்கல்.

முதல் கதையின் நாயகன் ரேமண்ட் நோவாக்கோ. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் பேராசிரியர். 1975-ல் கோபக் கட்டுப்பாடு பற்றி அவர் எழுதிய புத்தகம்தான் இந்தத் துறையின் தொடக்கம். அதுவரை மனநல மருத்துவத்தில் பதற்றத்துக்கு சிகிச்சை இருந்தது, மனச்சோர்வுக்கு இருந்தது. கோபத்துக்கென்று தனியாகப் பெரிசாக எதுவும் கிடையாது. அந்தக் காலத்து ஃபேஷன் வேறு: கோபத்தை அடக்காதே, கத்து, தலையணையைக் குத்து, வெளியே கொட்டிவிடு. பிற்பாடு 2002-ல் பிராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 600 கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். தன்னை எரிச்சல்படுத்தியவனை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிக ஆத்திரத்தோடுதான் இருந்தார்கள். தலையணை தப்பித்தது.

நோவாக்கோ எடுத்தது எதிர்வழி. டொனால்ட் மைக்கன்பாம் என்பவர் உருவாக்கிய ஒரு பயிற்சியை அவர் கோபத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். தடுப்பூசி மாதிரியான யோசனை அது. கோபமூட்டும் சம்பவத்தைச் சின்ன டோஸில், கற்பனையிலும் நடிப்பிலும் கொடுப்பது; அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கவனிக்க வைப்பது; அதற்குப் பதிலாக வேறென்ன சொல்லிக்கொள்ளலாம் என்று பழக்குவது; கூடவே உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. ஒரு வரியில் சொன்னால், சம்பவத்துக்கும் அடிக்கும் நடுவில் ஓர் எண்ணம் இருக்கிறது, அதைப் பிடி.

அவரிடம் வந்தவர்கள் யார் என்பது இந்தக் கட்டுரைக்கு ரொம்ப முக்கியம். பரிசோதனையில் கோபப் பிரச்சினை இருப்பதாகத் தெரிந்தவர்கள், அதோடு 'ஆமா, எனக்கு இந்தப் பிரச்சினை இருக்கு' என்று தாங்களே சொன்னவர்கள். இரண்டும் சேர்ந்தவர்கள். அடுத்து 1977-ல் அவர் இந்த முறையைப் பற்றி எழுதியபோது பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது யாரைத் தெரியுமா? போலீஸ்காரர்களை. கோபம் வந்தால் லத்தி கையில் இருக்கிறவர்களுக்கு முதலில் கற்றுத்தரணும் என்ற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் கிளை அப்படியே வளர்ந்திருக்கலாம்.

இரண்டாவது கதைக்கு ரொம்பப் பின்னால் போகணும். இங்கிலாந்தில் 1361-ம் வருஷச் சட்டம் ஒன்று, சண்டைக்காரர்களிடம் 'அமைதியாக இருப்பேன்' என்று பிணை எழுதி வாங்கும் அதிகாரத்தை உள்ளூர் நீதிபதிகளுக்குக் கொடுத்தது. இந்த வழக்கம் வெள்ளைக்காரனோடு கப்பலேறி நம்ம ஊருக்கும் வந்தது. கிராமத்தில் 'ரெண்டு பார்ட்டி மேலயும் 107 போட்டாச்சு' என்பார்களே, அதுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 126. ஒரு வருஷம் வரை அமைதி காப்பதாக எழுதிக்கொடுக்கணும், மீறினால் பிணைத்தொகை போகும். கவனியுங்கள், இந்தப் பழைய சட்டம் உங்கள் மனசுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. நீங்கள் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருக்கலாம். கை நீளக்கூடாது, அவ்வளவுதான்.

ஆளைத் திருத்துவது என்ற எண்ணம் நீதிமன்றத்துக்குள் வந்தது பிற்பாடு. அதை வகுப்பாக நடத்துவது அதற்கும் பிற்பாடு. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் 1966-ல், குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களை நீதிமன்றமே வகுப்புக்கு அனுப்ப ஆரம்பித்தது. இந்த மாதிரி சீக்கிரம் பரவியது. நீதிபதிக்கு வசதி: ஜெயிலும் இல்லை, சும்மா விட்டதும் இல்லை. அரசாங்கத்துக்கு வசதி: பெரும்பாலும் கட்டணத்தை வகுப்புக்கு வருகிறவரே கட்டுகிறார். குற்றவாளிக்கும் வசதி. மூன்று பேருக்கும் வசதியான ஒரு விஷயம் எந்தத் துறையிலும் லேசில் சாகாது.

பாத்திரம் தயார். அதில் ஊற்ற ஏதாவது வேண்டும் என்ற நிலை 1980-களில் வந்தது. காரணம் குடும்ப வன்முறை. அதுவரை மனைவியை அடித்தவன் வீட்டுக்குப் போகும் அமெரிக்க போலீஸ் பெரும்பாலும் 'கொஞ்சம் வெளியே நடந்துட்டு வாப்பா' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். 1981-82-ல் மினியாபொலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்ட் பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கைது செய்வதா, பிரித்து வைப்பதா, புத்தி சொல்வதா என்பதைப் போலீஸ்காரர் முடிவு செய்யக்கூடாது. கையிலிருக்கும் ரிப்போர்ட் அட்டையில் அடுத்த தாள் என்ன நிறமோ அதன்படி. நாங்கள் வெப்சைட் பட்டனுக்குச் செய்யும் ஏ/பி டெஸ்ட்டை அவர்கள் தெருவில் செய்தார்கள். கைதானவர்கள் மறுபடி அடித்தது குறைவு என்று 1984-ல் முடிவு வெளியானது. பின்னால் வேறு ஊர்களில் திரும்பச் செய்தபோது முடிவு கலவையாக வந்தது என்பது தனிக்கதை. அடுத்த வருஷம் இன்னொரு அடி விழுந்தது. கனெக்டிகட் மாநிலம் டோரிங்டன் நகரில், பலமுறை புகார் கொடுத்தும் போலீஸ் காப்பாற்றாததால் கணவனிடம் கத்திக்குத்துப்பட்ட ஒரு பெண்ணுக்கு 23 லட்சம் டாலர் இழப்பீடு தரணும் என்று ஜூரி சொன்னது. நகர நிர்வாகங்கள் பயந்துபோயின. கைதுகள் கூடின. இத்தனை பேரை எங்கே அனுப்புவது?

கையில் கிடைத்தது கோபம். அவனுக்குக் கோபம் வந்தது, அடித்தான். கோபத்தைக் குறைக்கக் கற்றுக்கொடு. லாஜிக் சரி மாதிரிதான் தெரிகிறது. மினசோட்டா மாநிலம் டுலூத் நகரில் எல்லன் பென்ஸ், மைக்கேல் பேமர் முதலானோர் 1981-ல் தொடங்கிய திட்டம் இந்த லாஜிக்கைத்தான் போட்டு உடைத்தது. அவர்கள் வாதத்தை என் பாஷையில் சொல்கிறேன். மேனேஜர் திட்டும்போது இவன் அவரை அறைவதில்லை. டிராஃபிக் போலீஸ் நிறுத்தினால் கை கட்டி நிற்கிறான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் கோபம் 'கட்டுக்கு அடங்காமல்' போகிறது. அப்படியானால் அடக்கத் தெரியாதவன் இல்லை இவன். எங்கே அடக்கணும், எங்கே அவிழ்க்கலாம் என்று நன்றாகத் தெரிந்தவன். இவனிடம் இருப்பது கோபப் பிரச்சினை இல்லை, அதிகாரப் பிரச்சினை. இவனுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் நிதானமாக மிரட்டுவான்.

டுலூத் முறைக்கும் குறைகள் உண்டு, எல்லா ஆண்களையும் ஒரே அச்சில் வார்க்கிறது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் இந்த ஒரு வாதத்தில் எனக்கு அவர்கள் பக்கம்தான். கலிபோர்னியா சட்டமும் 1990-களில் இவர்கள் பக்கம் வந்தது. குடும்ப வன்முறையில் தண்டனை பெற்று ப்ரொபேஷனில் வெளியே விடப்படுகிறவருக்கு அங்கே குறைந்தது 36 மாசம் கண்காணிப்பு. அதில் 52 வாரம், வாரம் 2 மணி, அதற்கென்றே உள்ள தனி வகுப்பு. 18 மாசத்துக்குள் முடிக்கணும். தக்க காரணம் இருந்தாலும் 3 வகுப்புக்கு மேல் விடமுடியாது. கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்து ஆலோசனை தருவதும் இதற்குள் வராது. ஆகவே அந்த மாநிலத்தில் சாதாரண ஆங்கர் மேனேஜ்மெண்ட் என்பது மற்ற சண்டைகளுக்கு: பார் அடிதடி, ரோட்டுத் தகராறு, முட்டை.

இந்தச் சாதாரண வகுப்பில் என்னதான் நடக்கிறது? அமெரிக்க அரசின் போதைப்பழக்கம், மனநலம் சார்ந்த துறை 2002-ல் ஒரு கையேடு வெளியிட்டது. எழுதியவர்கள் பேட்ரிக் ரைலி, மைக்கேல் ஷாப்ஷயர். இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம், அதனால் நாடு முழுக்க வகுப்புகளில் இதுதான் புழங்குகிறது. நான் முழுசாக வாசித்தேன். நல்ல புத்தகம், கிண்டலுக்குச் சொல்லவில்லை. 12 வாரம், ஒவ்வொன்றும் 90 நிமிஷம், 8 பேர் இருந்தால் உத்தமம். உடம்பு காட்டும் அறிகுறி, எண்ணத்தில் தெரியும் அறிகுறி என்று பிரித்துக் கவனிக்கச் சொல்கிறது. சூடு ஏறினால் இடத்தை விட்டு நகர்ந்துவிடச் சொல்கிறது. 9, 10-வது வாரங்களில், சின்ன வயசில் உங்கள் வீட்டில் அப்பா கோபத்தை எப்படிக் காட்டுவார், அம்மா எப்படி என்று கேட்கிறது. அந்தக் கேள்விகளை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்தேன். நடுவில் ஆல்பர்ட் எல்லிஸின் முறை ஒன்று வருகிறது. எல்லிஸ் அதன் வேர் எபிக்டெட்டஸிடம் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னவர். அடிமையாகப் பிறந்த ஒரு கிரேக்கத் தத்துவஞானி, 1900 வருஷம் கழித்து கோர்ட் அனுப்பிய ஆட்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு வாரமும் முதல் வேலை கோப மீட்டர். 1 என்றால் அமைதி, 10 என்றால் வெடித்து விளைவும் வந்துவிட்டது. போன வாரம் உங்கள் உச்சம் எவ்வளவு? என்ன நடந்தது? எப்படி 10-க்குப் போகாமல் தடுத்தீர்கள்? இதைச் சுற்றி வாராவாரம் பேசுவார்கள்.

இங்கேதான் இரண்டு கதையும் முட்டிக்கொள்கின்றன. இந்தக் கையேடு உருவானது சான் பிரான்சிஸ்கோவில், சிகிச்சைக்கு வந்த முன்னாள் படைவீரர்கள் போன்றவர்களிடையே. சிகிச்சைக்கு வந்தவர் '9 வரைக்கும் போச்சு, கதவை உடைச்சுட்டேன்' என்று சொன்னால் அவருக்கு லாபம், உதவி கிடைக்கும். கோர்ட் அனுப்பியவர் அதே 9-ஐச் சொன்னால்? வகுப்பு நடத்துகிறவர் ப்ரொபேஷன் அலுவலருக்கு ரிப்போர்ட் எழுதுகிறவர். ஆகவே முதல் வாரம் 8, நாலாவது வாரம் 6, கடைசியில் 3. எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் கம்பெனிகளில் வருஷா வருஷம் கட்டாயப் பயிற்சி வீடியோவை ஒரு ஜன்னலில் ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் வேலை பார்த்து, கடைசியில் 10-க்கு 8 வாங்கும் ஜனங்களுக்கு இது சட்டென்று விளங்கும். நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்வது ஒரு தாள்: இத்தனை வகுப்பு, வந்தார், முடித்தார். கையேட்டிலேயே 3 தடவைக்கு மேல் வராதவர் தொடர்ந்து வரலாம், சர்டிபிகேட் கிடையாது என்று இருக்கிறது. வருகையை எண்ணலாம், கோபத்தை எண்ண முடியாது. ஆகவே வருகையை எண்ணுகிறார்கள்.

பெரும்பாலான நேரம் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சில நேரம் உண்டு. 1998 ஜனவரியில் கொலராடோவில் இரண்டு பள்ளி மாணவர்கள் நின்றிருந்த வேன் ஒன்றை உடைத்துத் திருடிப் பிடிபட்டார்கள். முதல் குற்றம், சின்ன வயசு. வழக்குக்குப் பதிலாக சீர்திருத்தத் திட்டம்: சமூக சேவை, அபராதம், ஆலோசனை. ஒருவனுக்கு ஆங்கர் மேனேஜ்மெண்ட் வகுப்பும் உண்டு. அவன் ஒழுங்காகப் போனான். வகுப்பால் என்ன கற்றேன் என்று பணிவாக எழுதிக்கொடுத்தான். வேன்காரருக்கு உருக்கமான மன்னிப்புக் கடிதம் எழுதினான். அதே நாட்களில் தன் டைரியில் அதற்கு நேர்மாறாக எழுதிக்கொண்டிருந்தான். நல்ல பையன், முன்னுக்கு வருவான் என்ற குறிப்போடு 1999 பிப்ரவரியில், கெடுவுக்கு முன்பாகவே இருவரையும் விடுவித்தார்கள். ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் பள்ளியில் அவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். வகுப்புக்குப் போனவன் எரிக் ஹாரிஸ்.

வகுப்பு தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து திட்டம் போட்டவனிடம் அந்த வகுப்புக்கு வேலையே இல்லை. சம்பவத்துக்கும் அடிக்கும் நடுவில் இருக்கும் எண்ணத்தைப் பிடிக்கச் சொல்கிறது நோவாக்கோவின் முறை. இவனுக்கு அந்த எண்ணம்தான் எல்லாமே. பிரிட்டனும் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் படித்தது. 2004 நவம்பரில் லண்டனின் செல்சி பகுதியில் ஒரு நிதித்துறைக்காரர் தன் வீட்டு வாசலிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் சில மாசம் முன்புதான் சிறையிலிருந்து முன்கூட்டியே வெளியே விடப்பட்டவன். அந்த விசாரணைகளுக்குப் பிறகு, 2006-ல் உள்துறை தன் நன்னடத்தை அலுவலர்களை எச்சரித்தது: தனக்கு வேண்டியதை அடைய நிதானமாக வன்முறையைப் பயன்படுத்துகிறவர்களை கோப வகுப்பில் சேர்க்காதீர்கள், அது அவர்களை இன்னும் ஆபத்தானவர்களாக்கலாம்.

அப்படியானால் இதெல்லாம் சுத்த வேஸ்ட்டா? அதுவும் இல்லை. 1998-ல் பெக், ஃபெர்னாண்டஸ் இருவரும் 50 ஆய்வுகளை, மொத்தம் 1,640 பேரை, சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். இந்த வகை சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 76 சதவீதம் பேரைவிட மேல். மனநல சிகிச்சையில் இது மதிப்பான எண். அடுத்த சில வருஷங்களில் ஆஸ்திரேலியச் சிறைகளில் கெவின் ஹோவெல்ஸ் குழு சோதித்தபோது வேறு மாதிரி வந்தது. கோபத்தைப் பற்றிய அறிவு கூடியிருந்தது. கோபம் குறைந்ததில், வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் உள்ளே போட்டு ஆராய்ந்தபோது, 'நான் மாறணும்' என்ற நினைப்போடு வந்தவர்களுக்குப் பலன் இருந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் குடும்ப வன்முறை வகுப்புகளைச் சோதித்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அதே 39 மணி நேரப் பாடத்தை ஒரு குழுவுக்கு 8 வாரத்திலும், இன்னொரு குழுவுக்கு 26 வாரத்திலும் நடத்தினார்கள். 8 வாரக் குழுவில்தான் முடித்தவர்கள் அதிகம். ஆனால் திரும்ப அடித்த புகார் குறைவாக இருந்தது 26 வாரக் குழுவில். முடித்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிர்வாகி எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில் வகுப்பே பெரிய வித்தியாசம் காட்டவில்லை; நிலையான வேலை, சொந்த வீடு என்று இழக்க ஏதாவது இருந்தவர்கள்தான் திரும்பவும் அடிப்பது குறைவு.

யாரை அனுப்புகிறோம் என்பதுதான் கேள்வி, எத்தனை மணி என்பது இல்லை. இதை முதலில் புரிந்துகொண்டவர் படித்த ஆளே கிடையாது, ஒரு செருப்புத் தைப்பவர். பாஸ்டனைச் சேர்ந்த ஜான் அகஸ்டஸ். ப்ரொபேஷன் என்ற ஏற்பாட்டுக்கே அவரைத்தான் தந்தை என்கிறார்கள். 1841 ஆகஸ்டில் ஒருநாள் காலை அவர் போலீஸ் கோர்ட்டில் இருந்தபோது, கந்தல் உடுத்திய ஒரு குடிகாரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வழக்கமாக அவருக்குக் கிடைக்க வேண்டியது சிறை. அகஸ்டஸ் அவரிடம் கொஞ்ச நேரம் பேசினார். இந்த ஆள் தேறுவான் என்று பட்டது. தன் பொறுப்பில் பிணை எடுத்து, இனிக் குடிக்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார். அடுத்தடுத்த வருஷங்களில் இப்படி ஏறத்தாழ 1,950 பேருக்குப் பிணை நின்றார். ஒவ்வொருவரையும் எடுக்குமுன் வயசு, பழக்கம், சுற்றியிருக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் விசாரித்தார். சிறைக்கு ஆள் போனால்தான் கட்டணம் என்றிருந்த கோர்ட் சிப்பந்திகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. செருப்புக்கடை நொடித்தது.

அந்த முதல் ஆளை மூன்று வாரம் கழித்து அகஸ்டஸ் திரும்பக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்தார். அடையாளமே தெரியவில்லை என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்களாம். நீதிபதி அவரைப் பார்த்தார், விசாரித்தார். சர்டிபிகேட் எதுவும் கேட்கவில்லை. 1 சென்ட் அபராதம் போட்டார். கோர்ட் செலவோடு சேர்த்து 3 டாலர் 76 சென்ட். அங்கேயே கட்டிவிட்டு வெளியே போனார்கள்.